குழிக்கு மூண்டு விதை

உப்புவெளி
04.10.2023

கதவைப் பூட்டின மகாராணி மைமூனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் சுகமாத்தான் இருப்பாய். என்ட குறட்டை இல்லாமல் ரெண்டு மாசம் நித்திரை கொண்ட பொம்பிளைக்கு என்ன குறை?

போன் எடுத்தால் வெட்டுகிறாய். மகள்ட போனுக்கு எடுத்தால், உம்மா குசினியில நிக்கிறாவாம் எண்டு அவள் சொல்கிறாள். காலையில எடுத்தாலும் குசினி, பின்னேரம் எடுத்தாலும் குசினி. அப்படி என்னத்தைத்தான் சமைக்கிறாய் எண்டு தெரியேல்ல. அதனாலதான் காகிதம் எடுத்தனான். நாலாம் வகுப்போட கடலுக்குப் போனவன்ட எழுத்து. வாசிக்கக் கஷ்டமெண்டால் மருமகன் ஹஸ்மியிட்டக் குடுத்து வாசிப்பி. வேண்டாம், அவனிட்டக் குடுக்காதே. மாமாட மரியாதை கொஞ்சமாவது மிஞ்சட்டும்.

எங்கட ஊர் வழக்கத்தில வீடு பொம்பிளைக்கு. முப்பது வருசத்துக்கு முந்தி ஒரு ட்ரங்குப் பெட்டியோட உன்ட வீட்டுக்கு வந்தனான். நீ போ எண்டால் அதே பெட்டியோட போகத்தான் வேணும். அது சரி. ஆனால் மகள்ட கலியாணச் சாப்பாட்டில, ஒரு சஹன் தட்டைச் சுத்தி இருந்து சாப்பிட்ட ஆறு பேரும் சிரிச்ச ஒரு பகிடிக்கு இவ்வளவு நாளா? மாப்பிள்ளையிட வாப்பா சிரிச்ச சிரிப்பில புரைக்கேறி, நான்தான் முதுகில தட்டிவிட்டனான்.

இப்ப நான் இராஜநாயகம் ஐயாட கெஸ்ட் ஹவுஸில வாச்சர். மாரி வருகுது, வெள்ளைக்காரர் ஒருத்தரும் இல்லை. பன்னிரண்டு கட்டிலை நானும் ஒரு பூனையும் காவல் காக்கிறம். கிணத்தடிக்குப் பின்னால சும்மா கிடக்கிற நிலத்தில ஏதாவது போடு சரீப் எண்டு ஐயா சொன்னார். பயத்தங்காய் போட நினைச்சிருக்கிறன். கடலில எந்த மாசம் எங்க என்ன மீன் நிக்கும் எண்டு கேள், சொல்லுவன். மண்ணில எனக்கு ஒண்டும் தெரியாது. விதையில எந்தப் பக்கம் தலை எண்டாவது சொல்லு.

இதைக் கிண்ணியா பஸ் கொண்டக்டர் அர்ஷாக்கிட்டக் குடுத்து விடுறன். பதில் எழுதினால் அவனிட்டயே குடு. எழுதாட்டியும் அவனுக்கு ஒரு தேத்தண்ணி குடு.

வீடில்லாத வீட்டுக்காரன்,
சரீப்


கிண்ணியா
09.10.2023

றிஷானாட வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். விதையை வீணாக்கினால் பாவம், அதுக்காகத்தான் எழுதுறன். வேற கதைக்கு இல்லை.

விதைக்குத் தலை கிடையாது. உப்புவெளி மண் வெறும் மணல், அதில சத்தில்லை. ஒரு முழ அகலத்துக்குக் குழி வெட்டி, மாட்டெருவும் உக்கின இலையும் போட்டு, ஒரு கிழமை தண்ணி ஊத்தி ஆற விடுங்க. பிறகு குழிக்கு மூண்டு விதை. விரலில முதல் கணுவுக்கு மேல ஆழம் போகக் கூடாது. மூண்டும் முளைச்சால் கொழுத்த கண்டை வெச்சுக்கொண்டு மற்ற ரெண்டையும் பிடுங்கிப் போட வேணும். என்ட உம்மா சொல்லித் தந்தது அப்படித்தான்.

பகிடியைப் பற்றி நான் எழுத மாட்டன். ஆறு பேர் சிரிச்சது எனக்கும் கேட்டது. திரைக்குப் பின்னால வட்டிலப்பத் தட்டோட நிண்டது நான்தான்.

மைமூனா

பிரஷர் குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களா எண்டு றிஷானா கேட்கச் சொன்னாள்.


உப்புவெளி
24.10.2023

தோட்டப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் மைமூனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குளிசை எடுக்கிறன் எண்டு றிஷானாவுக்குச் சொல்லு. கேட்டது றிஷானாதான் எண்டு நானும் நம்பிட்டன்.

இனி நடந்ததைக் கேள். மாட்டெரு தேடிப் போக எனக்குப் பஞ்சி. கடற்கரையில கருவாடு காயப்போடுற வாடியில கழிவு சும்மா கிடக்குது. மீன் தலை, குடல், பீப்பாயின்ட அடியில நிண்ட உப்புத்தண்ணி. எங்கட வாப்பா தென்னைக்கு மீன் கழிவும் உப்பும்தானே போட்டவர்? அது குலைகுலையாக் காய்ச்சதை நீயே கண்டனீ. தென்னைக்கு நல்லதெண்டால் பயத்தைக்கு மட்டும் கூடாதா எண்டு ரெண்டு வாளி கொண்டு வந்து குழியெல்லாம் ஊத்தினனான். ஒரு கிழமை ஆற விடவும் இல்லை. அண்டைக்கே விதையும் போட்டாச்சு.

முதல் நாள் காகம் வந்தது. அடுத்த நாள் உப்புவெளி நாய் முழுக்க வந்தது. நாய்க்கு வேலியாப் பழைய வலையைக் கட்டினன். என்ட முடிச்சு உனக்குத் தெரியும்தானே, விடியப் பார்த்தால் அடுத்த வளவு மாகிரட் அக்காட ஆடு அதுக்குள்ள மாட்டிக்கொண்டு கத்துது. அவ எனக்குத் தந்த பேச்சை எழுதக் காகிதம் காணாது. இராஜநாயகம் ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, தோட்டம் போடச் சொன்னால் நீ வாடி போட்டு வெச்சிருக்கிறாய் எண்டார்.

விதையா? பன்னிரண்டு நாளாச்சு, ஒரு பச்சையும் இல்லை. ஒவ்வொரு நாளும் விரலால தோண்டிப் பார்த்தன். முதல்ல ஊதிக் கிடந்தது. பிறகு கறுத்துப் போச்சு.

மைமூனா, பகிடி இல்லாமல் ஒண்டு கேட்கிறன். விதை எனக்கு என்ன சொந்தமா, பந்தமா? கறுத்துப் போனதைக் கையில வெச்சுப் பார்க்க ஏன் மனசுக்கு இவ்வளவு அந்தரமாக் கிடக்குது?

நாய்களுக்குப் பிரியமான,
சரீப்


கிண்ணியா
29.10.2023

றிஷானாட வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கட கடிதத்தை றிஷானா வாசிச்சுச் சிரிச்சாள். நான் சிரிக்கேல்ல. ஆட்டை நினைச்சுக் கொஞ்சம் சிரிச்சன்.

தென்னை கடலோரத்துப் பிள்ளை, உப்பைத் தாங்கும். பயத்தை தாங்காது. ஒண்டுக்குச் சரியெண்டால் எல்லாத்துக்கும் சரியெண்டு நினைக்கிறது உங்கட பழைய குணம். சிரிக்கிற ஆளுக்கும் சிரிக்காத ஆளுக்கும் ஒரே வாளியாலதான் ஊத்துவீங்க.

அந்தக் குழிகளை மூடிப்போட்டுக் கிணத்துக்கு மற்றப் பக்கம் ஏழு குழி புதுசா வெட்டுங்க. மாட்டெரு எண்டால் மாட்டெருதான். இத்தோட இருபத்தொரு விதை வெச்சிருக்கிறன், எங்கட வேலிக் கொடியில முத்த விட்டு எடுத்தது. எண்ணித்தான் வெச்சனான். கடையில வாங்கின விதை மாதிரி நினைச்சு எறிய வேணாம்.

முளைக்காததைத் தோண்டித் தோண்டிப் பார்க்காதீங்க. பார்த்தால் வரப்போறதில்லை.

அந்தரமாக் கிடக்குது எண்டு கேட்டீங்க. எனக்குப் பதில் தெரியும். சொல்லித் தர மாட்டன்.

மைமூனா


உப்புவெளி
15.11.2023

மைமூனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ சொன்னபடி செய்தன். தம்பலகாமத்து ட்ரக்டர்காரனிட்டச் சொல்லி ஒரு சாக்கு மாட்டெரு எடுப்பிச்சன். ஒரு கிழமை ஆற விட்டன். உன்ட விதையைக் குழிக்கு மூண்டாப் போட்டன். ஆறாம் நாள் சுபஹு தொழுதுபோட்டுப் போய்ப் பார்த்தால், முதல் குழியில மூண்டும் வந்திட்டுது. றால் மாதிரிக் கூனிக்கொண்டு மண்ணை முட்டி நிக்குது. ரெண்டாவதிலயும் மூண்டு. ஆறு குழியிலயும் மூண்டு மூண்டு. காட்ட ஆளில்லாமல் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினன்.

ஏழாவது குழியில ஒண்டு.

பிந்தி வரும் எண்டு மூண்டு நாள் பார்த்தன். தோண்டேல்ல. வரவும் இல்லை. ஐயா வந்து, எப்படித் தோட்டம் எண்டு கேட்டார். நான் வழக்கம் போல வாயைத் திறந்தன். "மூண்டு போட்டம், ஒண்டுதான் முளைச்சது, பார்த்து வெச்சுக்கொள்ளுங்க" எண்டு சொல்ல வந்தது. பாதியில வாய் நிண்டு போச்சு.

இதே சொல்லைத்தான் நான் சஹனில இருந்து மாப்பிள்ளையிட ஆக்களுக்குச் சொன்னனான். எங்கட மகளைக் காட்டிச் சொன்னனான்.

ஐயா ஏதோ கேட்டுக்கொண்டு நிண்டார். நான் கிணத்துக் கட்டில இருந்திட்டன்.

எங்கட மூத்தவன் அபூதாஹிரைப் பிறந்த ஒன்பதாம் நாள் அடக்கக் கையில ஏந்திக்கொண்டு போனது நான். அடுத்த வருசம் கண் திறக்காமலே வந்த பெண் புள்ளையைச் சீலையில சுத்திக்கொண்டு போனதும் நான். ரெண்டு தரமும் திரும்பி வந்து உன்னோட ஒரு சொல் கதைக்கேல்ல. முற்றத்தில நிண்ட ஆக்களுக்குச் சிரிப்புக் கதை சொன்னனான். அவங்கள் சிரிச்சால்தான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு அதுவே பழகிட்டுது. உனக்கு எப்படி மூச்சு வந்தது எண்டு இருபத்தேழு வருசத்தில ஒரு நாளும் நான் கேட்கேல்ல.

கதவைத் திற எண்டு கேட்க இதை எழுதேல்ல. நீ பூட்டினது சரி. அதைச் சொல்லத்தான்.

சரீப்


உப்புவெளி
26.11.2023

மைமூனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதினொரு நாளா உன்ட கடிதம் இல்லை. அர்ஷாக் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில இருந்து கையை விரிச்சுக் காட்டுகிறான். அவனில பிழையில்லை.

கண்டு எல்லாம் நல்ல பச்சை. மழையும் அளவாப் பெய்யுது. ஆனால் ஆறு குழியிலயும் மூண்டும் ஒண்டையொண்டு நெருக்கிக்கொண்டு நிக்குது. நீ சொன்னபடி ரெண்டைப் பிடுங்க வேணும். மாகிரட் அக்காவும் வலைக்கு வெளியில நிண்டு, இண்டைக்குப் பிடுங்காட்டி மூண்டும் கெட்டுப்போகும் எண்டு சொல்லிப்போட்டுப் போறா. ஆடும் அதைத்தான் சொல்லுது.

மூண்டு நாளாக் காலையில போய்க் குந்தி இருக்கிறன். எதைப் பிடுங்கிறது? ஆயிரம் மீனைத் தலை கிள்ளி எறிஞ்ச கைதான் இது. இந்த நூல் மாதிரித் தண்டைப் பிடிச்சால் கை போகுதில்லை.

வேற வழி இருந்தால் அதை மட்டும் எழுது. வேற ஒண்டும் எழுத வேணாம்.

சரீப்


கிண்ணியா
29.11.2023

அபூதாஹிர், றுஷ்தா, றிஷானா மூண்டு பேரிடயும் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

றுஷ்தா ஆரெண்டு யோசிப்பீங்க. அபூதாஹிருக்கு ஏழாம் நாள் நீங்க பேர் வெச்சீங்க. அடுத்தவளுக்கு ஒருத்தரும் வெக்கேல்ல. நான் வெச்சன். வாய்விட்டு ஆருக்கும் சொன்னதில்லை. உங்களிட்டச் சொன்னால் ஒரு நாள் சபையில பகிடியா வந்து விழும் எண்டு பயம். கலியாணத்தண்டைக்குப் பேர் இல்லாமலே விழுந்தது. அதனாலதான் கதவைப் பூட்டினனான்.

உங்கட கடிதத்தை மடிச்சு அலுமாரியில வெச்சிருந்தன். பதில் எழுதக் காகிதம் எடுத்தால், பேரை எழுத வேணும் போல இருந்தது. எழுதப் பயமாவும் இருந்தது. அதுதான் பிந்திட்டுது.

கண்டுக் கதைக்கு வாறன். பிடுங்க வேணும் எண்டு உம்மா சொல்லித் தந்ததைத்தான் உங்களுக்கு எழுதினனான். நான் ஒரு நாளும் பிடுங்கினதில்லை. எனக்கும் கை போறதில்லை. மழை பெய்ஞ்சு மண் இளகின நேரம் கரண்டியால மண்ணோட கோலி எடுத்து வேலியோரம் நடுவன். கொஞ்சம் பட்டுப்போகும், கொஞ்சம் பிடிக்கும். மைமூனாட வேலி காடு, உள்ள புலி இருக்குது எண்டு வாறவன் போறவனுக்கெல்லாம் சொல்லுவீங்க. அந்தக் காடு இப்படி வந்ததுதான்.

ஆறு குழியில குழிக்கு ரெண்டு, பன்னிரண்டு கண்டு. அங்க உங்களுக்கு இடம் காணாது. ஒவ்வொண்டையும் மண்ணோட எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில வெச்சு, பெட்டியில அடுக்குங்க. மண்வெட்டி வேணாம், கரண்டிதான். அர்ஷாக்கிட்டக் குடுத்து விட வேணாம், அவன் சாய்ச்சுப் போடுவான். நீங்களே கொண்டு வாங்க. வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாங்க. இங்க வேலியோரம் குழி வெட்டி வெச்சிருக்கிறன்.

ஏழாவது குழியில நிக்கிறதை அசைக்க வேணாம். அது அங்கயே காய்க்கட்டும். ஐயாக்கும் ஒரு கறி வேணும்தானே.

பஸ்ஸில பெட்டியை மடியில வெச்சிருங்க. ஆரோடயாவது கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு வந்து கண்டை நசிச்சுப் போடாதீங்க. வீட்டில வந்து கதைக்கலாம். ஆட்டுக் கதையை உங்கட வாயால கேட்க வேணும் எண்டு றிஷானா சொல்கிறாள். இந்த முறை உண்மையிலயே றிஷானாதான்.

ரெண்டு கையிலயும் சிரட்டைப் பெட்டி இருக்கும், ட்ரங்குப் பெட்டியைத் தூக்க ஏலாது. அதைப் பிறகு ஒரு நாள் போய் எடுக்கலாம்.

மைமூனா