துரையின் காலுறைக்குள் ஓர் அட்டை

அன்புள்ள டீச்சர்,

அச்சு மையின் வாசம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. நம் சீட்டு விளையாட்டின் மாதிரிப் பெட்டியை நேற்று பதுளை அச்சகத்தில் வாங்கி வந்தேன். நீங்கள் வரைந்த படங்கள் வழவழப்பான தாளில் பளிச்சென்று இருந்தன. இதைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டீர்களே என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அட்டைக்கடிச் சீட்டு வந்ததும் கை நின்றுவிட்டது.

அந்தச் சீட்டு பிறந்த மழைநாளை நினைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் வராத தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நீங்களும் நானும் மட்டும். நீங்கள் தொழிலாளர் லயத்தில் பிறந்து சித்திரம் படிப்பிக்க வந்தவர். நான் கணக்கு வாத்தியார். தோட்ட வாழ்க்கையை வைத்து ஒரு சிரிப்பு விளையாட்டுச் செய்யலாம் என்றது நீங்கள்தான். பழைய கலண்டர் தாள்களை வெட்டினோம். நான் விதி எழுதினேன், நீங்கள் படம் போட்டீர்கள். கையிலுள்ள கொழுந்துச் சீட்டுகளை முதலில் நிறுத்துக் கொடுப்பவருக்கு வெற்றி. பெரட்டுச் சீட்டு விழுந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்புவதுபோல, கடைசியாக எழுந்தவர் ஒரு சுற்று வெளியே.

ஆனால் தோட்டத்தை நடத்தும் துரையின் சீட்டு யாருக்குப் போனதோ அவரே எப்போதும் வென்றார். நான் அட்டவணை போட்டுத் துரையின் புள்ளிகளைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் அவரே வென்றார். என் மூளைக்கு இவ்வளவுதான் என்று கைவிடப் பார்த்தபோது, பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னீர்கள்: “புள்ளியக் கொறச்சா தொரைக்கு வலிக்குமா மாஸ்டர்? ஏதாச்சும் கடிக்கணும்.”

கொஞ்ச நேரத்தில் உங்கள் தாளில், காலுறைக்குள் அட்டை நுழைந்து, துரை ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புத்தளையில் உங்கள் அக்காவின் லயத்தில் விளையாடிப் பார்த்தோமே. அக்கா அந்தச் சீட்டைத் துரையின்மேல் அறைந்து, “ஏறு ராசா, நல்லா மேல ஏறு” என்றார். அங்கே எழுந்த சிரிப்பு தோட்ட ஆபீசுக்குக் கேட்குமோ என்று நான் வாசலைப் பார்த்தேன். “சிரிக்கிறதுக்கும் லீவு லெட்டர் குடுப்பீங்களா மாஸ்டர்?” என்று கேட்டீர்கள்.

மாதிரிப் பெட்டியில் துரை நிமிர்ந்து நிற்கிறார். அட்டை அந்தப் பெண்ணின் காலில். அவள் கூடையைக் கொட்டிவிட்டு அலறிக் குதிக்கிறாள். பெட்டிகள் எல்லாவற்றையும் வாங்குவதாகச் சொன்ன எல்ல என்ற சுற்றுலா ஊரின் நினைவுப்பொருள் கடைக்காரர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சகத்தில் சொல்லி மாற்றியிருக்கிறார்.

இரவு முழுதும் மனசு எரிந்தது, டீச்சர். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசி மலை ஏறி, ஒட்டியதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மறு கை நிற்காமல் பறிக்கிறவர்கள் அவர்கள். நிறை குறைந்தால் அரைச் சம்பளம். குதிக்க யாருக்கு நேரம்? அந்த மலையில் ஒருநாள் நின்றிராதவன், அவர்களைக் குதிக்க வைத்துக் காசாக்கப் பார்க்கிறான். கொழுந்து பறித்த உங்கள் அம்மாவைத்தானே குதிக்க வைத்திருக்கிறான்?

இன்று காலை எல்லவுக்குப் போனேன். பஸ்ஸில் பணிவான வாக்கியங்களாகத்தான் தயார் செய்தேன். கடைக்காரர் தேநீர் தந்து உபசரித்தார்.

“வெள்ளக்காரங்க வாங்கணும்ல சேர்? தொரையக் கடிச்சா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒரே ஒரு சீட்டுதானே.”

தயாரித்தது எதுவும் வாயில் வரவில்லை. “அந்தப் பொம்பள குதிக்க மாட்டா” என்றேன்.

“அப்ப பெட்டிய நான் எடுக்க மாட்டேன் சேர்.”

“எடுக்காதீங்க.”

தேநீரைக் குடிக்காமல் எழுந்தேன். நேரே அச்சகத்துக்குப் போய், உங்கள் படத்தையே போடச் சொன்னேன். இனிப் பெட்டிகளை யார் வாங்குவார் என்று தெரியவில்லை. செய்தது சரிதானா என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். உங்கள் அக்காவுக்கு ஒரு பெட்டி கொடுப்பேன் என்பது மட்டும் நிச்சயம்.

கலண்டர் தாளில் நீங்கள் வரைந்த அந்த முதல் சீட்டு இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. இதை எழுதும்போதும் அதைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்தக் கடையில் நான் ஒருமுறைகூட வாசலைப் பார்க்கவில்லை என்று சொன்னால், நீங்கள் ஒருவர்தான் நம்புவீர்கள்.