நீ பிடிக்காமல் விட்ட பொய்

பழவங்காடிக் கோயில் முன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சிதறிய தேங்காயின் வாசம் மூக்கில் ஏறியது. காலையில் யாரோ உடைத்த தேங்காய்களின் தண்ணீர் வெயிலில் புளித்துக்கொண்டிருந்தது. என் துணிப்பையிலும் ஒரு தேங்காய். உனக்காக உடைக்க வேண்டியது, ஒரு வருடம் தாமதமாக.

மனிதர்களின் சின்னப் பொய்களைப் பிடிப்பதில் உனக்கு அப்படியொரு ஆனந்தம். நம் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் நேரமாகியும் வராமல், போனில் "கிழக்கேகோட்டை தாண்டியாச்சு, தோ வந்துட்டேன்" என்பார். "கிழக்கேகோட்டையில குக்கர் விசிலடிக்குமாடே?" என்று ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி கேட்பாய். பாவம், விட்டுவிடேன் என்றால் கேட்க மாட்டாய். "பெரிய பொய்க்காவது ஒரு காரணம் இருக்கும். சின்னப் பொய் வெறும் மடிதான், கேட்டியா" என்பாய்.

நீ சொல்லும் அந்த மடி, அந்தச் சோம்பல், எனக்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் உன் பரிசோதனை முடிவு வரவேண்டிய நாளன்று, விடிந்ததும் போன் செய்தாய். "நாலு மணிக்கு ரிசல்ட் வரும். அதுக்கு முன்ன எனக்காகப் பழவங்காடியில ஒரு தேங்காய் ஒடச்சிருடே. நீ சாமி கும்புடாண்டாம், ஒடச்சா மதி." தினமும் கோயிலுக்குப் போகிறவன் நீ. கோயில் பக்கமே போகாத என்னிடம் கேட்கிறாய் என்றால் எவ்வளவு பயந்திருப்பாய்! சரி என்றேன்.

ஆபீஸ் போகும் வழியில் பஸ் பழவங்காடியில் நின்றது. நான் இறங்கவில்லை. மழை பெய்தது, அதிசயமாக உட்கார இடம் கிடைத்திருந்தது. இவ்வளவுதான் காரணம்.

மூன்று மணிக்கு நீ மறுபடி கூப்பிட்டாய். "ஒடச்சியாடே?"

"ஒடச்சாச்சு. சாப்பாட்டு நேரத்துல ஓடிப்போய் ஒடச்சேன்."

"எத்தன மணிக்கு?"

"ஒண்ணரை இருக்கும்."

நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாய்: "நல்லாச் செதறிச்சா?"

"தூள்தூளா."

"சந்தோஷம்டே" என்று வைத்துவிட்டாய்.

முடிவு நல்லதாக வரவில்லை. இரண்டு மாதத்தில் நீ போய்விட்டாய். தேங்காய் உடைத்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று நான் இப்போதும் நம்பவில்லை. உன்னை எடுத்துக்கொண்டு போனபோது எனக்கு அழுகை வரவில்லை. வாசலில் கழற்றிய செருப்பு அங்கேயே இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகும் வரவில்லை. சாப்பிடுகிறேன், ஆபீஸ் போகிறேன், யாராவது சிரித்தால் சிரிக்கிறேன். உள்ளே மரத்துக் கிடக்கிறது.

இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு, சொன்ன சொல்லையாவது காப்பாற்றலாம் என்று போனேன். கோயில் நடை சாத்தியிருந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரரிடம் எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். "உச்சைக்கு எந்தக் கோயில் அண்ணாச்சி தொறந்திருக்கும்? இனி சாயங்காலம்தான்" என்றார். மணி பார்த்தேன். ஒன்றரை.

நீ பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைப் பயம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். குக்கர் விசிலைக்கூட விடாதவன் நீ. பொய் என்று தெரிந்தேதான் நல்லாச் சிதறியதா என்று கேட்டிருக்கிறாய். நான் வெட்கப்படக் கூடாதென்று கேட்டிருக்கிறாய்.

நடை திறக்கும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. தேங்காயோடு திரும்பினேன். வீட்டுக்குப் போகும் கரமனை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தது. இறங்கும்வரை நின்றுகொண்டே வந்தேன்.