பூக்கோவாச் சோறும் இரண்டு குளிசையும்

கொட்டாஞ்சேனை
புதன்கிழமை

என் அன்பு மகள் டிலானிக்கு,

நீயும் மருமகன் ஜெனிஸ்டனும் மெல்பேணில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று அந்தோனியாரிடம் மன்றாடிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் வழக்கம், இந்த முறை அதை எழுதக் கை கூசுகிறது. அப்பா இப்போது கதிரையில் இருந்து பேப்பர் வாசிக்கிறார், இருமுகிறார், மின்விசிறியைக் கூட்டு குறை என்று எனக்கு வேலை வைக்கிறார், அதனால் நீ பயப்படாதே. நேற்று இரவு போனில் அப்பாவுக்குக் கொஞ்சம் தலைச்சுற்று, ஆஸ்பத்திரிக்குக் காட்டிக்கொண்டு வந்தோம் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா, அது பச்சைப் பொய். நீ போன் எடுத்தால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் தோளோடு தோளாக நிற்பார், எதைத்தான் நான் கதைப்பது? மேல் மாடி ஷபீகாவின் மகன் றிகாஸ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை உங்கள் பக்கம் பறக்கிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். எழுத்து கோணினாலும் பொறுத்து வாசி மகள்.

நீ றிகாஸிடம் கொடுத்துவிட்ட ஸ்லோ குக்கர் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அதன் பிளக் இங்கே ஒரு ஓட்டைக்குள்ளும் போகாமல், அப்பா மருதானைக்குப் போய் அதற்கொரு அடப்டர் வாங்கி வந்து, தானே கண்டுபிடித்த மாதிரிப் பூட்டித் தந்தார். தன்னுடைய சோற்றுக்கு உலை வைக்கத்தான் இது வந்தது என்று பாவம் அந்த மனுசனுக்குத் தெரியாது. அப்பாவின் சீனி வருத்தத்துக்கு மாச்சத்து இல்லாத சாப்பாடு என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பினதை எல்லாம் நான் கொப்பியில் எழுதிவைத்துச் சமைத்தேன். முதல் நாள் தேங்காய் முதற்பாலைக் காலையிலேயே ஊற்றிவிட்டேன், பின்னேரம் திறந்தால் கோழிக்கறி திரைந்துபோய்க் கிடந்தது. பிறகு படித்துக்கொண்டேன், தண்ணீர் அரைவாசி, பால் கடைசியில், மூடியைச் சும்மா சும்மா திறந்து பார்க்கக் கூடாது. உருளைக்கிழங்குக்குப் பதிலாக முள்ளங்கி வெட்டிப்போட்டேன், மாட்டிறைச்சி எட்டு மணித்தியாலம் கிடந்து பஞ்சாக வெந்தது, பன்றிக்கறிக்குப் புளிப்புக்குக் கொறுக்காய் இரண்டு துண்டு போட்டு விட்டால் வீடு முழுக்க மணந்தது. பாண் இல்லை, இடியப்பம் இல்லை, பகலிலும் இரவிலும் சோறு இல்லை. அப்பா தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "இஞ்சேரும், கறி மட்டும் தின்னுறதுக்கு நான் என்ன புலியே?" என்பார். ஆனாலும் தின்றார். வீட்டில் இருந்தால் எனக்கும் கை போகும் என்று சீனி, சக்கரை, பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாரி எடுத்து ஷபீகாவிடம் கொடுத்துவிட்டேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்.

போன ஞாயிறு எங்கள் கலியாண நாள், முப்பத்தைந்து வருஷம். மூன்று நாளாக அப்பாவுக்கு ஒரே கதை, அண்டைக்காவது மனுசர் தின்னுற சாப்பாடு தருவீரோ என்று. நீயும் நானும் கதைத்தோமே, நீங்கள் அங்கே காலிஃபிளவர் என்கிற பூக்கோவாவைத் துருவிச் சோறு மாதிரிச் செய்யலாம் என்று. "அம்மா, அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, சொன்னா வாயில வைக்க மாட்டார்" என்று சொன்னது நீதான். பழியை உன் தலையில் போட இதை எழுதவில்லை, எனக்கும் அந்தக் கள்ள வேலை நல்லாகப் பிடித்திருந்தது. மஞ்சட்சோறும் பன்றிக்கறியும் என்று வேணுமென்றே தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் கோயிலால் வந்து குளிக்கப் போன நேரம் மூன்று பூக்கோவாவைத் துருவி, துணியில் பிழிந்து, நெய்யில் ரம்பை இலையும் கறிவேப்பிலையும் போட்டு, மஞ்சள் தூவி, கஜுப்பருப்பு வறுத்துப் போட்டு, என் கலியாணத்துக்குக் கிடைத்த பெரிய தட்டில் குவித்து வைத்தேன். பார்த்தால் உன் மாமியாரே சோறு என்றுதான் சத்தியம் பண்ணுவார். அப்பா மேசையில் வந்து இருந்து, முதல் பிடி வைத்து, ஒரு கணம் நின்று, பிறகு சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் போடும்" என்று இரண்டாம் முறையும் கேட்டார். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே சிரிப்பு. குசினிக்குள் போய் உனக்கு, அப்பா நம்பிவிட்டார் என்று மெசேஜ் போட்டது அப்போதுதான். நீயும் சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினாய். ஐயோ மாதாவே, அந்தச் சிரிப்பை நேற்றுத்தான் போனிலிருந்து அழித்தேன்.

இரண்டு மணித்தியாலம் போயிருக்கும். நான் பாத்திரம் கழுவி முடித்து வந்து பார்க்கிறேன், கதிரையில் அப்பா சேட் முழுக்க நனைந்து இருக்கிறார். மின்விசிறி தலைக்கு மேலே சுற்றுகிறது, இவருக்கு வேர்வை ஓடுகிறது. என்னப்பா என்று கேட்டால் என்னை யாரோ என்று பார்த்து, "ஃபைல் எக்க கோ?" என்று சிங்களத்தில் கேட்கிறார், ஃபைல் எங்கே என்று! துறைமுகத்தில் வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது, முப்பத்தைந்து வருஷத்தில் என்னோடு ஒரு சொல் சிங்களத்தில் கதைக்காத மனுசன். நாக்கு வேறு புரளுகிறது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குடித்துவிட்டார் என்று நினைத்தேன். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு தபசுகாலத்தில் விட்ட குடியை, கலியாண நாளும் அதுவுமாக எனக்கு ஒளித்துத் தொடங்கிவிட்டார் என்று வாயை மணந்து பார்த்தேன், கதிரைக்குக் கீழே போத்தல் தேடினேன், வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்த மனுசன் செத்துக்கொண்டிருக்கிற நேரம் நான் போத்தல் தேடினேன் மகள். இதை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்ப்பேன்?

நான் போட்ட சத்தத்துக்குத்தான் ஷபீகா மேலிருந்து இறங்கி வந்தா. வந்து அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்ததுதான், "அக்கா, இது குடியில்ல, சீனி எறங்கீக்கி! சுறுக்கா கொஞ்சம் சீனி தாங்க" என்று கத்தினா. அவவின் புருஷனுக்கும் இதே வருத்தம் என்றபடியால் அவவுக்குத் தெரியும். நான் குசினிக்குள் ஓடினேன். அலுமாரியைத் திறந்தால் முட்டை, கஜு, தேங்காய் எண்ணெய். வீட்டில் ஒரு மணி சீனி இல்லை! ஒரு கொழுக்கட்டைக்குப் போடுகிற அளவு சக்கரைகூட இல்லை! நான் நடு வீட்டில் நின்று பேயறைந்த மாதிரி முழிக்கிறேன், ஷபீகா அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக மேலே ஓடினா. திரும்பி வந்தபோது அவவின் கையில் இருந்தது நான் கொடுத்த அதே நீல டின். அதற்குள் இருந்த என்னுடைய சீனியைத்தான் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவுக்குப் பருக்கினோம். நல்லகாலம் விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. றிகாஸ் கார் எடுத்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அங்கே விரலில் குத்திப் பார்த்தால் முப்பத்தெட்டு, எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம்! ஷபீகா பருக்கின பிறகும் முப்பத்தெட்டு என்றால் வீட்டில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீயே யோசி.

அங்கே இருந்தது சுபோதினி என்று ஒரு தமிழ் டொக்டர், உன் வயதுதான் இருக்கும். குளுக்கோஸ் ஏற்றிவிட்டு அப்பாவிடம் எத்தனை சீனிக் குளிசை போட்டீர்கள் என்று கேட்டா. காலையில் ஒன்று, வழமைபோல என்று அப்பா சொன்னார். என்னிடம் என்ன சாப்பிட்டவர் என்று கேட்டா. அப்பா பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறார், நான் எப்படிச் சொல்வது? சோறு, வயிறு நிறையச் சோறு என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. கொஞ்சம் தெளிந்தார், கதைத்தார், நான் செபமாலையை எடுத்தேன். பின்னேரம் மறுபடியும் அதே வேர்வை, அதே நடுக்கம், நாற்பத்தொன்று! டொக்டர் பிள்ளைக்கு முகம் மாறிவிட்டது. "சோறு சாப்பிட்ட ஆளுக்கு ஒரு குளிசைக்கு இப்பிடித் திரும்பத் திரும்ப இறங்காது, கிட்னியில ஏதும் இருக்கோ தெரியேல்ல, ஸ்கான் எடுத்துப் பார்ப்பம்" என்றா. கிட்னி என்ற சொல்லைக் கேட்டதும் செபமாலையைக் கட்டிலில் போட்டுவிட்டு எழும்பினேன். இனி என்ன மானம்? டொக்டர், அது சோறில்லை, பூக்கோவா, ஒரு மாதமாக இவருக்கு மாச்சத்தே நான் கொடுக்கவில்லை, கிளினிக்கிலும் சொல்லவில்லை என்று அழுதழுது ஒப்புவித்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். இந்த மனுசன் இனி என் கையால் தண்ணீரும் வாங்கிக் குடிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

பிறகு அவர் வாயைத் திறந்தார் பார், எனக்கு உலகமே சுற்றியது. "நானும் ஒண்டு சொல்லோணும் டொக்டர். மத்தியானம் சோறெண்டு தெரிஞ்சு, சாப்பிட முதல் இன்னும் ரெண்டு குளிசை போட்டனான்" என்றார். அவருடைய கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினார், துணிக்குக் கீழே ஒரு அட்டைக் குளிசை. எங்கேயாவது விருந்து, செத்தவீட்டுச் சாப்பாடு, கடையில் கொத்துரொட்டி என்றால் அதிலிருந்து ஒன்று இரண்டு கூடப் போட்டுச் சீனியை வெட்டிவிடுவாராம். எத்தனை வருஷமாக! நான் சட்டைப் பையெல்லாம் தட்டிப் பார்த்துத் துவைக்கிறவள், கண்ணாடிக் கூடு எனக்குத் தெரியாமல் போயிற்றே. டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்ல சோடி" என்று மட்டும் சொன்னா. ஸ்கானும் வேண்டாம் என்றாகிவிட்டது. இரண்டு நாள் வைத்திருந்து செவ்வாய்க்கிழமை விட்டார்கள். சாப்பாடு பிழையில்லையாம், ஆனால் சாப்பாட்டை மாற்ற முதல் வந்து சொல்ல வேண்டுமாம், குளிசையைக் குறைப்பது தங்கள் வேலையாம். இப்போது காலையில் பாதிதான். ஸ்லோ குக்கரும் ஓடுகிறது, இன்றைக்கு அதற்குள் கோழியும் கீரையும் கிடக்கிறது. மேசையில் சீனி டின் ஒன்று, அவருடைய சேட் பையில் இரண்டு டொபி.

இனி எழுதப்போவது ஷபீகாவுக்கும் தெரியாது. கூடக் குளிசை போடுகிற இந்தப் பழக்கத்தை யார் சொல்லித் தந்தது என்று டொக்டர் கேட்டா. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒருத்தரும் இல்லை, நானாத்தான்" என்றார். நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். சொல்லித் தந்தது நான், டிலானி. உன் கலியாணத்தன்று வெள்ளவத்தை ஹோலில் புரியாணியும் கேக்கும் ஐஸ்கிரீமும் என்று பரிமாறினபோது, என் ஹான்ட்பேக்கிலிருந்து ஒரு குளிசையை எடுத்து அவர் கையில் வைத்து, இண்டைக்கு மட்டும் இதையும் போட்டிட்டு ஆசை தீரச் சாப்பிடுங்கோ என்று சொன்னவள் நான். மகளைக் கட்டிக்கொடுத்த நாளில் மனுசன் குறையோடு எழும்பக் கூடாது என்று நினைத்தேன். அவர் அதைக் கெட்டித்தனமாகப் பிடித்துக்கொண்டார், நான் மறந்துவிட்டேன். இவ்வளவு நேரமும் அவரைத் திட்டி எழுதினேனே, அந்தத் திட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

ஆகவே மகள், இனி இந்த வீட்டில் ஒளிப்பு மறைப்பு ஒன்றும் வேண்டாம். போன் எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டே என்னை ஏசு, அவரையும் ஏசு. மருமகனுக்கு என்ன சமைத்தாலும் இன்னது என்று சொல்லிக் கொடு. இந்தக் கடிதத்தையும் மூட முதல் அப்பாவிடம் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன், அவரும் ஒரு வரி எழுதட்டும். றிகாஸிடம் மிளகாய்த் தூளும் கொறுக்காயும் கொடுத்துவிட்டிருக்கிறேன், தூளைப் பிறிட்ஜில் வை. மாதாவின் கை உங்கள் இருவர் தலையிலும் எப்போதும் இருக்கட்டும். ஞாயிறு பூசையை விடாதே.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா எமெல்டா

மகள், முழுவதும் வாசித்தேன். அம்மா கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கிறா, நான் அவ்வளவு இருமுவதில்லை. ஒன்று மட்டும் அவவுக்கும் தெரியாது. முதல் பிடியிலேயே அது சோறில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. குளிசை இரண்டும் அதற்கு முன்பே உள்ளே போய்விட்டது. சொல்லுவோம் என்று தலையை நிமிர்த்தினேன். அம்மா குசினி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றா. அப்படி ஒரு சந்தோஷத்தை அவவின் முகத்தில் நான் கண்டு கனகாலம். அதுதான் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். இதை நேரே சொல்ல எனக்குத் தைரியம் காணாது, ஒட்ட முதல் அவ எப்படியும் எடுத்து வாசிப்பா.

அப்பா றொபேட்