வெளிய பூட்டிட்டுப் போறேன்

அத்தான்,

உங்க அக்கா பதினொரு மணிக்கு விருதுநகர்ல இருந்து பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும் கொண்டு வாராகளாம். எடை குறைக்க உங்க வயித்த வெட்டிச் சுருக்கி ஒன்பது நாள்தான் ஆகுது. நீங்க ஊரெல்லாம் குடல்வால் ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்கீக. நான் தடுத்தா தம்பியப் பட்டினி போடுறேன்னு பேரு, தடுக்காட்டி உங்க தையல் பிரியும். ரெண்டு பக்கமும் நான்தான் மாட்டுறேன். அதான் வெளிய பூட்டிட்டு டியூட்டிக்குப் போறேன்.

பருப்புத் தண்ணி பிளாஸ்க்ல இருக்கு. கொஞ்சங் கொஞ்சமா, மடக்கு மடக்காத்தான் குடிக்கணும். படுத்தே கெடக்காதீக, கால்ல ரத்தம் உறைஞ்சிரும்; வீட்டுக்குள்ளயே நடங்க. காய்ச்சலடிச்சா உடனே எனக்குப் போன் போடுங்க.

வினோலியா

இன்னொரு சாவி சன்னல்ல இருக்கு. அக்கா அங்கன வந்துதான் கூப்பிடுவாக. என்ன ஆபரேஷன்னு உங்க வாயால சொல்லிட்டு, சாவிய அவுக கையில குடுங்க.