மேனேஜரம்மாவின் எடை

ஜூன் 4

அன்புள்ள சகலைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "நலம்" என்று எழுதிவிடுவாய். போனிலும் அதுதானே நடக்கிறது? அக்காவும் தங்கையும் காது சுடச் சுடப் பேசிவிட்டு நம் கையில் கொடுக்கும்போது போனில் சார்ஜ் இருக்காது, நமக்கும் பேச்சு இருக்காது. "சாப்டியா?" "சாப்டேன்." மெஸ் நடத்துகிறவனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அதனால்தான் இந்தக் காகிதம். எழுத்தில் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர விடுமுறை விட்டவன் நான்.

நாடு முழுக்க வியாபாரம் மந்தமாம். டிவியில் கோட் போட்டவர் ஒருவர் கோடு போட்டுக் காட்டினார். கோடு சறுக்கிக்கொண்டு கீழே போயிற்று. நான் என் கடையைத் திரும்பிப் பார்த்தேன். வாசல்வரை மின்விசிறி! புதுசு வாங்க யாருக்கும் தெம்பில்லை. எரிந்துபோன மோட்டாரையெல்லாம் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். செம்புக் கம்பியில் காயில் கட்டிக் கட்டி என் விரல் ரேகையே அழிந்துவிட்டது. உன் ஊரில் புதுசு செய்கிறீர்கள், வாங்க ஆளில்லை. என் ஊரில் பழசைத் தூக்கி எறிய ஆளில்லை. ஒரே மந்தம்தான், உனக்குக் காய்ச்சல், எனக்கு வேலையில் வியர்வை.

உன் ஊர் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு. அந்த ஒரு ஃபேக்டரி இருமினால் ஊரே படுத்துக்கொள்ளும். என் ஊர் மரவட்டை. காய்கறிச் சந்தை, ஆஸ்பத்திரி, காலேஜ், பஸ் நிலையம் என்று எத்தனையோ கால். நாலு கால் நொண்டினாலும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கடை காலியாக இருக்கிறது. நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் மரத்தடியில் நின்று காய்ந்த பன்னைக் கடிக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. கடையின் சொந்தக்காரர் இந்த மாதக் கடைசிவரை எனக்காகப் பொறுப்பதாகச் சொன்னார். உன் அண்டா குண்டாவோடு வந்து சேர். என் கொழுந்தியாளையும் மறக்காமல் கூட்டி வா. நீ அண்டாவை மட்டும் ஏற்றிக்கொண்டு வருகிற ஆள்.

உன் மூத்த சகலை

----

ஜூன் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. திருத்தத் தொடங்கினேன், சிவப்பு மை தீர்ந்துவிட்டது.

இங்கே ராத்திரி ஷிஃப்ட்டை நிறுத்தியது உண்மைதான். அதற்காக மூட்டை கட்டச் சொன்னால் எப்படி? சந்தையில் விலை விழுந்து உங்கள் கடைவீதியே குறட்டை விட்ட வருஷம், நான் உங்களை இங்கே கூப்பிட்டேன். "கொக்கு வீட்டில் மரவட்டை குடியிருக்குமா?" என்று கேட்டீர்கள். அதே கேள்வியை இப்போது திருப்பித் தருகிறேன். சகலை ஊரில் போய் ஒண்டிக்கொண்டான் என்ற பேச்சை நான் என் காதால் கேட்க வேண்டாம்.

தவிர, இங்கே நல்ல காலம் திரும்புகிறது. என்னிடம் அதற்குச் சாட்சி உண்டு. ஃபேக்டரி கேட் பக்கம் ஒரு பழுப்பு நாய் திரிகிறது. தினமும் எல்லாக் கடைகளின் பின்வாசலையும் வரிசை தவறாமல் பார்வையிடுவதால் அவளுக்கு மேனேஜரம்மா என்று பெயர் வைத்திருக்கிறோம். போன மாதம் அவள் விலா எலும்பில் துணி காயப்போடலாம். இப்போது வயிறு உருண்டு, நடையே அசைந்து அசைந்து வருகிறது. கடைகளில் மிச்சம் விழுகிறது என்றுதானே அர்த்தம்? மிச்சம் விழுந்தால் வியாபாரம் இருக்கிறது. உங்கள் கோட் போட்டவரைவிட நான் இவளை நம்புகிறேன்.

ஆகவே கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி

----

ஜூன் 17

அன்புள்ள சகலைக்கும் மேனேஜரம்மாவுக்கும்,

உன் ஆராய்ச்சியைப் படித்தேன். உன்னைப் பத்தாவதுவரை படிக்கவைத்த வாத்தியார்களை நினைத்து அழுகை வந்தது. ஆள் வந்து வழித்துச் சாப்பிட்டுப் போனால் நாய்க்கு ஏதப்பா மிச்சம்? சோறு மிஞ்சினால்தான் நாய் கொழுக்கும். ஆள் வராவிட்டால்தான் சோறு மிஞ்சும். நாய் பெருத்தால் ஊர் இளைக்கிறது என்று பொருள். என் ஊரில் நாய்களெல்லாம் ஒல்லி. அவ்வளவு நல்ல காலம்!

இதை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். இரண்டு கட்சியையும் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "எதுக்குடி சிரிக்கிற?" என்றால், "ஒண்ணுமில்ல, ரெண்டு பேரும் இன்னும் கொஞ்ச நாள் நல்லா ஆராய்ச்சி பண்ணுங்க. தானா தெரியும்" என்கிறாள்.

கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னாய். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. சரியானதும் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேலி இல்லாமல் எழுதுகிறேன், பழக்கமில்லை, பொறுத்துக்கொள். ஒண்டிக்கொள்ள நான் உன்னைக் கூப்பிடவில்லை. இங்கே பசியோடு நிற்கிறவர்களுக்குச் சமைக்க ஆளில்லை. அங்கே சமைக்கத் தெரிந்தவன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதில் யார் யாரிடம் ஒண்டுவது?

தொண்டை கட்டிய சகலை

----

ஜூன் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னதும் தப்பு. நான் சொன்னதும் தப்பு.

நேற்று யூனியன்காரர்கள் ஏதோ கூட்டமென்று சாப்பாடு கேட்டார்கள். வெகுநாள் கழித்துப் பெரிய அண்டாவைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பெரிய அடுப்பை மூட்ட விறகோடு குனிந்தேன். உள்ளே இருட்டில் உர்ரென்று ஒரு சத்தம். மேனேஜரம்மா! சாம்பலில் சுருண்டு கிடக்கிறாள், வயிற்றை ஒட்டி நாலு குட்டிகள். அவள் வயிறு பெருத்ததற்கு நாட்டு நிலவரம் காரணமில்லை, பக்கத்து ஒர்க்‌ஷாப் நாய் கறுப்பன்தான் காரணம். இது அண்ணிக்கு அங்கிருந்தே தெரிந்திருக்கிறது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. பெரிய அடுப்பைக் கடைசியாக எப்போது மூட்டினேன்? யோசித்துப் பார்க்கிறேன், நினைவே வரவில்லை. ஒன்றுமில்லாத வீட்டை அடுப்பில் பூனை தூங்குகிற வீடு என்பார்கள். என் அடுப்பில் நாய் குடும்பமே நடத்திக்கொண்டிருக்கிறது. இதற்குப் பிறகும் நல்ல காலம் வருகிறது என்று யாரிடம் சொல்வேன்?

உங்கள் கொழுந்தியாள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "புள்ளைங்கள வெச்சுக்கிட்டு அவளே ஒரு நல்ல எடமாப் பாத்துப் போயிட்டா. நாம எப்ப?" என்றாள். நான் விறகைக் கீழே போட்டேன். கூட்டத்துக்கு இரண்டு சின்ன அடுப்பில் மாற்றி மாற்றிச் சமைத்தோம்.

உங்கள் தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று நம்புகிறேன்.

வருகிறோம். ஆனால் குட்டிகள் கண் திறந்து ஓடியாடும்வரை அடுப்பைப் பிரிக்க முடியாது. அதுவரை கடைக்காரர் பொறுப்பாரா, கேளுங்கள். இன்னொன்று, நீங்கள் என் கடையில் சாப்பிட்டால் காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். கொக்கு ஒரு நாள் இரண்டாவது காலையும் ஊன்றும். அன்றைக்கு நான் இங்கே திரும்பி வந்தால் தடுக்கக் கூடாது.

தம்பி

----

ஜூலை 2

அன்புள்ள சகலைக்கு,

உன் கடிதத்தை வாசித்த நிமிஷமே தொண்டை திறந்துவிட்டது. கடைக்காரரிடம் போய், "சகலை வர்றான். ஆனா அவன் அடுப்புல பிரசவம் நடந்திருக்கு, கொஞ்சம் லேட்டாகும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க குடும்பத்துல எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டார். பொறுக்கிறாராம்.

காசு கொடுத்தே சாப்பிடுகிறேன். உன் கடை மின்விசிறி எரிந்தால் நானும் காசு வாங்கிக்கொண்டுதான் காயில் கட்டுவேன். கொக்கு கால் ஊன்றும் நாளில் நீ தாராளமாகப் போ. என் ஊருக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரும், வராத ஊர் எது? அன்றைக்கு மரவட்டை கொக்கின் முதுகில் ஏறிக்கொண்டு வரும். கொத்தாமல் இருந்தால் சரி.

உன் அண்ணி தினமும் கடையைக் கூட்டி வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்களிடமெல்லாம், "எந்தங்கச்சி வீட்டுக்காரரு வர்றாரு, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க" என்கிறாள். நேற்று ஒரு நோயாளியே குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். சீக்கிரம் வா.

மேனேஜரம்மா ஃபேக்டரி கேட்டை விட்டு வருவாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம். நம் பக்கம் குறை இருக்கக் கூடாது. கொத்தனார் உன் புதுக் கடையில் அடுப்பு கட்டி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பெருசு ஒண்ணு, சின்னது ரெண்டு, சரி. மூலையில ஒண்ணு கட்டச் சொன்னீங்களே, பொகை போக வழியே இல்லாம? அதுல எப்படிங்க நெருப்பு வெக்கிறது?"

"அதுல நெருப்பு வெக்கக் கூடாது. அது மேனேஜர் ரூம்" என்றேன்.

உன் மூத்த சகலை