டிம்மரில் நீ ஒட்டிய பொட்டு

என் அன்பு வசந்தாவுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் எனக்குச் சொற்கள் முன்பின்னாகிவிடும் என்று நீ சொல்வாய். ஆகவே புகார்களை நாள் குறித்து வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. தை, பொங்கல் கழிந்த வாரம். நம் மகள் கயல் முழுகாமல் இருக்கும் செய்தி வந்ததும், என்னைக் கேட்காமல் உள்ளறை விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மர் வாங்கி நீயே மாட்டினாய். ஏன், எப்படி என்று ஒரு சொல் சொல்லவில்லை.

2. மாசி, கடைசிச் செவ்வாய். அதே அறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இதுவும் என்னைக் கேட்காமல்.

3. பங்குனி முதல் இன்றுவரை. எந்த ஃபியூஸ் கட்டை எந்த அறைக்கு என்பது இந்த வீட்டில் உயிரோடிருக்கும் யாருக்கும் தெரியாது.

4. வைகாசி, ஒரு முகூர்த்த நாள். கயலின் மாமியார் கும்பகோணத்திலிருந்து வீடு பார்க்க வந்த நேரத்தில், அந்த விளக்கு துடிக்கத் தொடங்கியது.

நான்காவதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் அவர்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் தாயில்லாத தாய்வீடு எப்படியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? சம்பந்தியம்மா அடுப்படியைப் பார்த்தார், குளியலறைத் தரை வழுக்குமா என்று காலால் தேய்த்துப் பார்த்தார். உள்ளறைக்குப் போனதும் அண்ணாந்து நின்றுவிட்டார்.

"விளக்கு இப்படி வெட்டி வெட்டி இழுக்குது. பச்ச உடம்புக்காரிய இதுக்குக் கீழ எப்படிங்க படுக்க வைக்கிறது? கயலு எங்க வீட்டுலயே இருக்கட்டுமே," என்றார்.

அவர் சொல்ல நினைத்தது விளக்கைப் பற்றி அல்ல. அது எனக்கும் தெரியும். நீ கண்ணை மூடிய அறை என்பதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். விளக்கு கைக்கு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டார். விளக்கைச் சரிசெய்துவிட்டுப் பேசுகிறேன் என்றேன். எனக்கு அதை எங்கே தொடுவது என்றுகூடத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

முப்பது வருடமாகக் கல்லூரியில் பொருளாதாரப் பாடம் நடத்துகிறேன் வசந்தா. கரண்ட் பார்க்கும் உன் டெஸ்டரை ஏன் கரண்டிகளோடு சொருகி வைத்திருந்தாய் என்று ஒருநாளும் எனக்கு விளங்கியதில்லை. இப்போது காலையில் கரண்டி எடுக்கும்போதெல்லாம் அதுதான் கையில் வருகிறது.

டிம்மர் மீது ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை உரித்துப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் பழுப்பேறி, திருகும் குமிழ் ஒரு பக்கம் உருகியிருந்தது. டேப் எப்படி வந்தது? என் அக்கா வேலை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நீ போன அறையில் விளக்கு அணையக் கூடாது. காமாட்சி விளக்கு ஒருபக்கம் எரிந்தாலும், மின்விளக்கையும் யாரும் தெரியாமல் திருகி நிறுத்திவிடக் கூடாது என்று குமிழையும் அதன் அடித்தட்டையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார். காரியம் முடிந்தது. டேப்பை யாரும் எடுக்கவில்லை. விளக்கு மாதக்கணக்கில் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. சாத்திரம் பார்க்காதவன் நான். நானும் அதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்காதே.

பழையதைப் போலவே, குறைக்கிற சாமான் ஒன்று வேண்டும் என்று திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் கேட்டேன். கடைக்காரர், "ஃபேனுக்கா, லைட்டுக்கா சார்?" என்றார். உள்ளறைக்கு என்றேன். "அறையக் கொறைக்கிற சாமான் நம்மகிட்ட இல்லையே சார்," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உருண்டைக் குமிழோடு இருந்த ஒன்றைக் காட்டி வாங்கிவந்தேன். வீட்டு மெயினையே நிறுத்திவிட்டு மாட்டினேன். அது மின்விசிறி ரெகுலேட்டர். ஐந்து முறை டக்கென்று நகர்ந்தது. விளக்கு முன்னிலும் அதிகமாக நடுங்கியது.

மறுபடி போய் விளக்குக்கு உரிய டிம்மரையே வாங்கிவந்து மாட்டினேன். அப்போதும் நடுங்கியது. புதிய டிம்மர், இறுக்கிய திருகு, சரியான இணைப்பு. பிறகு எது கெட்டிருக்கிறது? நான்தானா?

கயல் தொலைபேசியில் ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்பா, அம்மா போட்டது மஞ்ச பல்பு. இப்ப எரியறது மஞ்சளா, வெள்ளையா?"

வெள்ளை. அக்காவிடம் போய் நின்றேன். "ஆமா தம்பி, நாந்தான் கழட்டுனேன். மங்கலா எரிஞ்சுது, சாவு வீடு மாதிரி இருந்துச்சு," என்றார். அன்று அது என்ன வீடு என்று நினைத்தாரோ, நான் கேட்கவில்லை. அவர் மாட்டியது, குறைத்தால் தாங்காத எல்.இ.டி. பல்பு. உன்னுடைய குண்டு பல்பைப் பரணில் ஒரு லோட்டாவுக்குள் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். அதை மாட்டினேன். விளக்கு நடுங்காமல் ஏறியது, நடுங்காமல் இறங்கியது. சம்பந்தியம்மாவுக்குச் சொன்னேன். வளைகாப்பு முடிந்த கையோடு அனுப்பிவைக்கிறோம் என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

நேற்றுக் கயல் கேட்டாள். "அப்பா, பொட்டு இருக்குல்ல? அம்மா சொன்னாங்க, டிம்மர்ல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கேன், ராத்திரி பால் குடுக்கறப்ப அதுவரைக்கும் திருப்புனா போதும், புள்ள முகம் தெரியும், கண்ணு கூசாதுன்னு."

குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். டேப் கிடைத்தது. அதன் பசைப்பக்கத்தில் உன் அரக்குப் பொட்டு, முகம் குப்புற ஒட்டியிருந்தது. அது தட்டில் எந்த இடத்திலிருந்து உரிந்து வந்தது? பழைய தட்டைக் கழுவிப் பார்த்தேன், தடம் இல்லை. அவளுக்குச் சொல்லியிருக்கிறாய். அறையில் கூடவே படுத்திருந்த எனக்கு ஏன் சொல்லவில்லை? சொல்லி நான்தான் கேட்கவில்லையா? அதுவும் நினைவில்லை.

நானே கண்டுபிடிக்க முயன்றேன். குழந்தை படுக்கப்போகும் இடத்தில் அக்காவைப் படுக்க வைத்துக் குமிழைத் திருப்பினேன். ஓரிடத்தில் தொட்டில் கொக்கி மட்டும் தெரிந்தது. இன்னோரிடத்தில் சுவரின் கீறல்வரை தெரிந்தது. கண் கூசுகிறதா என்றேன். "எனக்குக் கண்ணே சரியாத் தெரியல, என்னைப் போய்க் கேக்குறியே. வசந்தாவக் கேளு," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் சொன்னபடி உன்னைக் கேட்கிறேன். வரும் ஞாயிறு கயல் வருகிறாள். இராகு காலத்துக்கு முன் வீட்டுக்குள் கால்வைக்க வேண்டும் என்பது சம்பந்தியம்மாவின் கட்டளை. ஆகவே அன்று மாலை நாலரை மணிக்குள் குமிழை எந்த அளவில் நிறுத்தவேண்டும் என்பதை நீ எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கனவில் வந்து சொல்வதையோ விளக்கை மினுக்கிக் காட்டுவதையோ நான் பதிலாக ஏற்கமாட்டேன்.

பொட்டை டேப்பிலிருந்து பிரிக்காமல் உன் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். உன் பதில் வந்தால் நீ சொல்லும் இடத்தில் ஒட்டுவேன். வராவிட்டால், அந்தக் குழந்தை வந்து படுத்து, முகம் தெரிந்து, கண் கூசாமல் விழித்திருக்கும் இடம் எதுவோ, அது கிடைக்கும்வரை ஒவ்வோர் இரவும் எழுந்து நானே குமிழைத் திருப்பிப் பார்ப்பேன். இது உறுதி.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் உன்
கயல் அப்பா