பதினோரு டிகிரி

3 நவம்பர், திங்கள்
காலையிலேயே மழை. சிலிபின் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் ரேடார் ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் தொப்பலாக நனைந்தாச்சு. ரப்பரை வெட்டிச் சாய்த்த காட்டில் ஐந்து அன்டெனா, கொண்டேனா இரும்புப் பெட்டியில் ஒரு ஆபீஸ், அப்புறம் நான். தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் எரிகல் விட்டுப்போகும் தடத்தைக் காற்று எந்தப் பக்கம் தள்ளுது என்று ரேடாரில் பார்ப்பதுதான் வேலை. நாலு வருஷமாச்சு. டிசம்பரோடு என் வேலைக் கொன்ட்ரெக் முடியுது. மறுபடி எடுப்பாங்களா? யார் கண்டா.

5 நவம்பர்
யூனிவர்சிட்டியிலிருந்து, இந்த ரேடாரை நடத்தும் டாக்டர் கௌசிகா போன். செயற்கைக்கோள் அளக்கும் காற்றும் நம்முடையதும் ஒத்துப்போகலையாம். "எப்பவும் அதே பதினோரு டிகிரி வித்தியாசம், புஷ்பா." செயற்கைக்கோள்தான் தப்பு என்றேன். கத்தினேன் என்றே சொல்லணும்.

12 நவம்பர்
வெளிநாட்டில் ராக்கெட் விட்டு, மேலே புகைக்கோடு போட்டு, அது நகர்வதைப் படம் பிடித்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் சொன்னதோடு அப்படியே பொருந்துதாம். அப்போ தப்பு நம்ம பக்கம்.

13 நவம்பர்
காம்பஸ் வைத்துப் பார்த்தேன். அன்டெனா வரிசை வடக்கே பார்க்கல. பதினோரு டிகிரி கிழக்கே விலகி நிக்குது.
ஐயோ, அந்த வரிசையைக் காட்டினதே நான்தானே! நாலு வருஷத்துக்கு முன்னே அன்டெனா போஸ்ட் நட வந்த தர்மா அண்ணன் காம்பஸ் எடுத்தப்போ, "வேணாம் லா அண்ணே, நான் பொறந்த எஸ்டேட்டு, வடக்கு எனக்குத் தெரியாதா?" என்று ரப்பர் அடிக்கட்டைகள் நின்ற நிரையைக் காட்டினேன். 'வடக்கு நிரை' என்றுதான் அப்பா சொல்வார், அதில்தான் மரம் வெட்டிப் பால் எடுத்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை, மேட்டுச் சரிவுக்குத் தகுந்தாப்போல மரத்தை நட்டிருக்கான். வடக்காவது மண்ணாவது.

14 நவம்பர்
கௌசிகாவிடம் அன்டெனா விலகி நிற்பதை மட்டும் சொன்னேன். "போஸ்ட் நட்டவர் செய்த வேலை. இனி அவரைக் கூப்பிட வேண்டாம்" என்றார். நான் வாயே திறக்கல.

15 நவம்பர்
சோறு இறங்கல.

17 நவம்பர்
சொல்லிட்டேன். "அவரு காம்பஸ் எடுத்தாரு டாக்டர். வேணாம்னு தடுத்தது நான்."
"நாலு வருஷம், புஷ்பா" என்றார். போனை வைத்துவிட்டார்.
வேலை போனா போகட்டும். மறைச்சு மறைச்சு அலுத்துப்போச்சு எனக்கு.

1 டிசம்பர்
கொன்ட்ரெக் பற்றி ஒன்றும் வரல.

19 டிசம்பர், வெள்ளி
கொன்ட்ரெக் வந்தது. ஆறு மாசம்தான். வேலை: நாலு வருஷக் கணக்கையும் பதினோரு டிகிரி திருப்பிப் போடுவது. கையெழுத்துப் போட்டேன்.
போஸ்டைப் பிடுங்கி நட தர்மா அண்ணனையே கௌசிகா அனுப்பியிருந்தார். நான் முகத்தைப் பார்க்கல. "இந்தத் தடவை எந்தப் பக்கம் தங்கச்சி?" என்று சிரித்தார்.
கை தானாக நிரைப் பக்கம் எழுந்தது. இறக்கிக்கொண்டேன். "நீங்களே பாருங்கண்ணே" என்று காம்பஸை நீட்டினேன்.